சம்பளச் சீட்டை அன்றைக்கே படி

என் செல்லக் குழலிக்கு,

அத்தை எழுதுகிறேன். ஜூலைச் சம்பளச் சீட்டைப் படம் பிடித்து அனுப்பி, "ஏன் அத்தை குறைச்சலா வந்திருக்கு?" என்று கேட்டிருந்தாய். சின்ன வயதில் கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு ஓடி வருகிற பிள்ளை நீ. இப்போது கேட்டாயே, அதிலேயே எனக்குப் பாதிக் கவலை தீர்ந்தது.

சீட்டில் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் என்று இரண்டு வரி இருக்கிறது, பார். முதலாவது 6.2 சதவீதம், அடுத்தது 1.45. உன் 2,000 டாலரில் 124ம் 29ம் ஆக, 153 டாலர் போயிருக்கிறது. ஒரு மாத மளிகைக்கு ஆகுமே! இது உன்னிடம் பிடிக்கக் கூடாத பணம். எஃப்-1 விசாவில் படிக்கிறவர்களுக்கு முதல் ஐந்து காலண்டர் வருஷம் இந்தப் பிடித்தம் கிடையாது. நீ 2024 ஆகஸ்டில் அமெரிக்கா போனாய். அந்த ஐந்து மாதமும் ஒரு முழு வருஷமாகவே கணக்கு. ஆக, 2028 முடிய உனக்கு விலக்கு உண்டு. நான் போனது ஒரு டிசம்பர் 28ஆம் தேதி. அந்த நாலே நாளுக்கு ஒரு வருஷம் கழிந்துபோனது எனக்கு.

இத்தனை மாதம் பிடிக்காதவர்கள் இப்போது ஏன் பிடித்தார்கள்? கோடையில் நீ வகுப்பு எதுவும் எடுக்கவில்லை அல்லவா, அதனால்தான் இருக்கும். தாங்கள் படிக்கிற கல்லூரியிலேயே வேலை பார்க்கிற மாணவர்களுக்கு, எந்த நாட்டவரானாலும், ஒரு விலக்கு உண்டு. வகுப்பு இல்லாதபோது அது நின்றுவிடும். விசாவினால் உனக்குக் கிடைக்கிற விலக்கு வேறு, அது கோடையிலும் நிற்காது. பாஸ்போர்ட்டையும் கல்லூரி தந்த ஐ-20 படிவத்தையும் எடுத்துக்கொண்டு பேரோல் அலுவலகத்துக்கு நேரில் போ. தயங்காதே, உன் பணத்தைத்தானே கேட்கிறாய்! இந்த வருஷத்துக்குள் கேட்டால் அடுத்த சம்பளத்திலேயே சேர்த்துத் தர முடியும். வருஷம் தாண்டினால், வருஷச் சம்பளக் கணக்கான டபிள்யூ-2 படிவத்தையே திருத்தச் சொல்லி அலைய வேண்டிவரும்.

இன்னொன்று கண்ணம்மா. வரிப் படிவத்தைப் பக்கத்து அறைக்காரி எழுதியதைப் பார்த்து எழுதாதே. நான் அதைத்தான் செய்தேன். கூட இருந்தவள் அந்த நாட்டுப் பெண். அவள் நிரப்பிய 1040 படிவத்தையே நானும் நிரப்பினேன். எனக்குரியது 1040-என்ஆர் என்று சொல்ல ஆளில்லை. திரும்பி வந்த பணத்தில் ஒரு நல்ல குளிர்கோட்டு வாங்கினேன். அடுத்த வருஷம் தப்பு தெரிந்து, திருத்தி அனுப்பி, வட்டியோடு கட்டினேன். அந்த மாதம் தயிர்சாதத்திலேயே ஓடியது.

உன் சீனத்துத் தோழி எழுதியதும் உனக்குப் பொருந்தாது. அவர்கள் நாட்டு வரி ஒப்பந்தம் வேறு, நம்முடையது வேறு. 1989இல் கையெழுத்தான இந்திய ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவினால், நம் மாணவர்கள் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷனைக் கழித்துக்கொள்ளலாம். 2024க்கு அது 14,600 டாலர். வேறு நாட்டிலிருந்து வரும் மாணவர்கள் பலருக்கு இது இல்லை. வரிப் பிடித்தத்துக்கான உன் டபிள்யூ-4 தாளில் என்ன எழுதிக்கொடுத்தாய் என்பதையும் பேரோலுக்குப் போகிறபோதே கேட்டுப் பார்.

போன வருஷத்துக்கு 8843 படிவம் அனுப்பினாயா? வருமானமே இல்லாவிட்டாலும் அதை அனுப்பியாக வேண்டும். அனுப்பியதன் நகல் எங்கே? உன் அப்பாவைப் போல மெத்தைக்கு அடியில் வைக்காதே. ஒரு ஃபைல் வாங்கி, ஐ-20, சம்பளச் சீட்டு, வரித்தாள் எல்லாவற்றையும் அதிலேயே போடு. சோஷியல் செக்யூரிட்டி அட்டையும் அதில் இருக்கட்டும், பர்சில் வேண்டாம். வரி பாக்கி, உடனே கட்டு, இல்லாவிட்டால் போலீஸ் வரும் என்று யாராவது போனில் மிரட்டினால் பதில் பேசாமல் வைத்துவிடு. புதிதாக வந்த பிள்ளைகளைத்தான் அப்படிப் பயமுறுத்துவார்கள். வீடு மாறினால் அன்றைக்கே பேரோலில் முகவரியை மாற்று. ஜனவரியில் வருகிற டபிள்யூ-2 பழைய வீட்டு வாசலில் கிடக்கக் கூடாது.

அம்மா பருப்புப் பொடி அரைத்து வைத்திருக்கிறாள், ஆள் கிடைத்ததும் அனுப்புவாள். ஆகஸ்டுச் சீட்டு வந்ததும் எனக்குப் படம் அனுப்பு. இந்தத் தடவை முழுச் சீட்டும் தெரியட்டும். வலது ஓரத்தை வெட்டிவிட்டாய். ஜனவரியிலிருந்து மொத்தம் எவ்வளவு பிடித்தார்கள் என்பது அங்கேதான் இருக்கிறது.

அன்புடன்,
உன் அத்தை