சிலைகள் பயணம் போக விரும்பவில்லை

இணையத்தில் பாரிக்கலா சிலைத் தோட்டம் என்று தேடினால் முதலில் வந்து நிற்பவை பற்கள்தாம். சிமெண்ட் முகம், திறந்த வாய், அதற்குள் நிஜமான மனிதப் பற்கள். படத்துக்குக் கீழே, உலகத்திலேயே பயங்கரமான பூங்கா இதுதான் என்று யாராவது எழுதியிருப்பார்கள். போவதற்கு முன்னால் இந்தப் படங்களைப் பார்க்காதீர்கள் என்பதுதான் கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் சொல்லும் முதல் யோசனை. பார்த்துவிட்டு வருகிறவர்கள் பேயைத் தேடிக்கொண்டே நடக்கிறார்கள். அரை மணி நேரத்தில் பல் தெரியும் முகங்களாகப் பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறிவிடுகிறார்கள். அங்கே பேய் எதுவும் இல்லை. ஒரு காகித ஆலைத் தொழிலாளி ஏறக்குறைய ஐம்பது வருடம், ஆலை வேலை போக மிச்சமிருந்த நேரத்தில் செய்த இன்னொரு வேலைதான் அங்கே நிற்கிறது.

வேய்யோ ரோன்க்கோனன் 1944-ல் பிறந்தவர். பின்லாந்தின் தென்கிழக்கில், ரஷ்ய எல்லையை ஒட்டிய பாரிக்கலாவில் அவருடைய குடும்பத்தின் சிறிய பண்ணை இருந்தது. விடலைப் பருவத்திலேயே பக்கத்து ஊரான சிம்பெலேயின் காகித ஆலையில் சேர்ந்துவிட்டார். முதல் சம்பளத்தில் ஆப்பிள் கன்றுகளும் ஒரு மூட்டை சிமெண்டும் வாங்கினார் என்று சொல்வார்கள். 1960-களின் தொடக்கத்தில் முதல் சிலை எழுந்தது. 2010-ல் அவர் இறந்தபோது வீட்டைச் சுற்றி 550-ஐ ஒட்டிய சிலைகள் நின்றன. கணக்குப் போட்டால் மாதத்துக்கு ஒன்று என்ற அளவில் வருகிறது, அதுவும் ஒருநாள்கூடக் கலைப் பள்ளிக்குப் போகாத ஒருவரிடமிருந்து. யாரும் கேட்டுச் செய்யவில்லை, விற்கவும் செய்யவில்லை. ஊரைவிட்டு அதிகம் வெளியே போகாத மனிதர் அவர். ஆனாலும் பல நாட்டு உடைகளில், பல நிறத்து முகங்களில் ஆட்கள் அவருடைய தோட்டத்தில் நிற்கிறார்கள். உலகத்தைப் புத்தகங்களிலும் பத்திரிகைகளிலும் பார்த்து, பார்த்ததைக் கொல்லைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்.

ஹெல்சிங்கியிலிருந்து காரில் போனால் சுமார் 300 கிலோமீட்டர். ஆறாம் எண் நெடுஞ்சாலையை ஒட்டியே தோட்டம் இருக்கிறது, தேடி அலைய வேண்டியதில்லை. யோயென்சூ போகும் ரயில் பாரிக்கலாவில் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் நிலையத்திலிருந்து தோட்டம் நடக்கும் தூரத்தில் இல்லை. டாக்ஸிக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். சென்னையிலோ சிங்கப்பூரிலோ போல வாசலுக்கு வந்ததும் ஆட்டோ, டாக்ஸி கிடைக்கும் என்று நினைத்து இறங்கிவிடாதீர்கள். கார் ஓட்டத் தெரிந்தவர்கள் காரில் வருவதே நல்லது.

காரில் வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எல்லை மிக அருகில். பின்லாந்துச் சட்டப்படி தரைப் பகுதியில் எல்லையிலிருந்து அதிகபட்சம் மூன்று கிலோமீட்டர் வரை எல்லை மண்டலம். அனுமதியில்லாமல் அதற்குள் கால் வைக்கக் கூடாது. மரங்களில் மஞ்சள் வளையங்களும் மஞ்சள் பலகைகளும் தெரிந்தால் திரும்பிவிடுங்கள். 2023 இறுதியில் ரஷ்ய எல்லைக் கடவுகள் மூடப்பட்டதிலிருந்து இந்தப் பக்கத்தில் கெடுபிடி கூடியிருக்கிறது. காட்டுக்குள் பெர்ரி பறித்துக்கொண்டே போய்விடும் ஆசை நம் ஆட்களுக்கு உண்டு. பின்லாந்தில் பொதுவாக அது பிரச்சினையில்லை, இங்கே பிரச்சினை.

ஊரிலிருந்து கோடைக்கு வந்திருந்த அப்பா அம்மாவோடு நான் போனேன். சிலைகளைப் பற்றி அவர்களிடம் எதுவும் சொல்லவில்லை, “ஒரு தோட்டம்” என்று மட்டும் சொல்லியிருந்தேன். அது நல்லதாகப் போயிற்று. உள்ளே நுழைந்ததும் அம்மா நின்று பார்த்துவிட்டு, “என்னடா இது, நம்ம ஊர் ஐயனார் கோயில்ல நிக்கிற மாதிரி நிக்குதுங்க” என்றார். பயம் கிடையாது. காவலுக்கு நிற்பவை பல்லைக் காட்டத்தான் செய்யும் என்பதுபோல மேலே நடந்துவிட்டார். நான் முதன்முதலில் அலுவலக நண்பர்களோடு வந்தபோது அந்தப் பற்களைப் பற்றியே நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அம்மாவோ செடிகளைப் பார்த்தார். இது வெறும் சிலைக்கூடம் இல்லை என்பதை எனக்குக் காட்டியது அதுதான். ரோன்க்கோனன் தோட்டக்காரரும்கூட. பூச்செடிகள், புதர்கள், மரங்கள், இவற்றுக்கு நடுவில் எந்தச் சிலை எந்த வளைவில் கண்ணில் பட வேண்டும் என்று யோசித்தே நட்டிருக்கிறார். புதருக்குப் பின்னால் ஒரு கை, இலைக்கு நடுவில் ஒரு முகம் என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உருவங்கள் வெளிப்படுகின்றன. அதனால் பாதையை விட்டுக் குறுக்கே நடக்காதீர்கள். அவர் போட்ட வழியிலேயே போனால்தான் அவர் காட்ட நினைத்தது தெரியும்.

நேரத்தை எங்கே செலவழிப்பது என்று கேட்டால், தயங்காமல் யோகச் சிலைகளிடம் என்பேன். 200-க்கும் மேற்பட்ட உருவங்கள் ஒரே இடத்தில் ஆசனங்களில் இருக்கின்றன. காலை மடித்தவை, தலைகீழாக நிற்பவை, முதுகை வில்லாக வளைத்தவை, காலைத் தோளுக்குமேல் தூக்கியவை. ரோன்க்கோனன் இளமையிலிருந்தே யோகம் பழகியவர். இந்தச் சிலைகள் எல்லாமே அவர்தாம், தன்னுடைய இளமைக்கால உடம்பின் நினைவாக அவர் செய்துகொண்டவை. அப்பா நாற்பது வருடமாகக் காலையில் ஆசனம் போடுகிறவர். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டே போனார். சிலவற்றிடம் நின்று, “முதுகு இன்னும் நேரா இருக்கணும்” என்று திருத்தமும் சொன்னார். கொஞ்ச நேரத்தில் பேச்சு நின்றுவிட்டது. ஒரு வேட்டைக்கார மௌனத்தோடு ஒவ்வொரு சிலையின் விரல்களையும் பார்த்துக்கொண்டு வந்தார். “செஞ்சு பாத்தவன்தான் இதைச் செய்ய முடியும்பா” என்று கடைசியில் சொன்னார். எந்தத் தசை இழுபடும், எங்கே மடிப்பு விழும், பாரம் எந்தக் கையில் இறங்கும் என்பதெல்லாம் சிமெண்டில் சரியாக வந்திருக்கிறது. முகங்களைவிட உடம்புகளில்தான் அந்த மனிதர் கெட்டிக்காரர் என்பது என் கருத்து. முகங்கள் பெரும்பாலும் முரடானவை. கழுத்துக்குக் கீழே வந்தால் வேறு ஒரு கை வேலை செய்ததுபோல இருக்கிறது.

அங்கே நின்றபடி பார்ப்பது போதாது. குந்தி உட்காருங்கள், அந்த உருவங்களின் கண் மட்டத்துக்கு இறங்குங்கள். மேலிருந்து பார்க்கும்போது கூட்டமாகத் தெரிந்தது, கீழே இறங்கினால் ஒரே மனிதனாகத் தெரியும். கேமராவை முதல் சுற்றில் பைக்குள்ளேயே வையுங்கள். இரண்டாவது சுற்றில், ஏதாவது ஒரு குழுவைத் தேர்ந்துகொண்டு அதை மட்டும் எடுங்கள். எல்லாவற்றையும் எடுக்க முயன்றால் ஊருக்குத் திரும்பியபின் எந்தப் படத்தையும் திறந்து பார்க்க மாட்டீர்கள். எடுத்த படத்தைச் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் சிலையையே முக்கியப் பொருளாகக் காட்டும் படத்தை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம். கலைஞர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை உயிரோடு இருக்கும்.

இனி அந்தப் பற்கள். ஆம், நிஜப் பற்கள்தாம். சில சிலைகளுக்குள் ஒலிபெருக்கிகளையும் அவர் வைத்திருந்தார்; எதிர்பாராத இடத்திலிருந்து சத்தம் வரும். இதையெல்லாம் பார்வையாளரை மிரட்டச் செய்தார் என்று நான் நம்பவில்லை. மிரட்ட நினைத்தவர் இத்தனை விளையாடும் குழந்தைகளைச் செய்திருக்க மாட்டார். சிலைகளை உயிருள்ளவையாக ஆக்க என்னவெல்லாம் கிடைத்ததோ அதையெல்லாம் சேர்த்திருக்கிறார், அவ்வளவுதான். பல் இல்லாத சிரிப்பு அவருக்குப் பொய்யாகப் பட்டிருக்க வேண்டும். சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் முதலில் குழந்தைச் சிலைகள் இருக்கும் பக்கம் அழைத்துப் போங்கள். கைகோத்து விளையாடுகிறவர்களைப் பார்த்துவிட்டால் மற்றவை அவர்களுக்குப் பயமாகத் தெரிவதில்லை. பெரியவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். ஐயோ என்று நீங்கள் சொல்லாமல் இருந்தால் போதும்.

சிலைகளைத் தொடாதீர்கள், அவற்றின் மேல் சாய்ந்து படம் எடுக்காதீர்கள். வழக்கமாக எல்லா இடத்திலும் எழுதிவைக்கும் விதி என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. இந்த நாட்டின் குளிர் சிமெண்டுக்குப் பெரிய எதிரி. நுண்ணிய வெடிப்புக்குள் இறங்கும் தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிகிறது, வெடிப்பை அகட்டுகிறது. வெயில் வந்ததும் உருகி இன்னும் ஆழமாக இறங்குகிறது, மறுபடி உறைகிறது. ஐம்பது அறுபது குளிர்காலம் இப்படிக் கண்ட ஒரு விரலை ஒடிக்க உங்கள் முழங்கை போதும். பாசியையும் சுரண்ட வேண்டாம். புதுச் சிலையாக இருந்தபோது இவை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், சாம்பல் நிறத்துப் பொம்மைகளாகவே எனக்குத் தோன்றுகிறது. தோளில் படர்ந்த பாசியும் முகத்தில் ஏறிய மரப்பாசியின் வெளிறிய பச்சையும்தான் அவற்றைக் காட்டின் ஆட்களாக்கிவிட்டன.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போகலாம். செப்டம்பரில் இலைகள் நிறம் மாறும்போது கூட்டம் குறைவு, வெளிச்சமும் மென்மையாக இருக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும். மழை பெய்து ஓய்ந்த வேளை கிடைத்தால் விடாதீர்கள், பாசியின் பச்சை அப்போதுதான் ஏறும். கோடையில் கொசு அதிகம். உண்ணியும் உண்டு, அது கடித்தால் நோய் வரலாம். முழுக்கால்சட்டை, மூடிய செருப்பு, கொசு மருந்து மூன்றும் கட்டாயம். பாதைகள் குறுகலானவை, மேடுபள்ளமும் உண்டு. முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு ஊன்றுகோல் எடுத்துச் செல்லுங்கள். சாப்பாட்டை நாங்கள் கட்டிக்கொண்டுதான் போனோம். புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் அந்தக் குளிர்க்காற்றில் நன்றாகவே இறங்கின.

ரோன்க்கோனன் உயிரோடிருந்தவரை கட்டணம் கிடையாது. வருகிறவர்கள் விருந்தினர் புத்தகத்தில் பெயர் எழுதினால் போதும் என்பார். மற்றபடி வந்தவர்களோடு அதிகம் பேசமாட்டார். 2007-ல் பின்லாந்து அரசின் கலைப் பரிசு கிடைத்தபோதும் மேடைக்கு வரவில்லை. வேறு ஊரில் கண்காட்சிக்குச் சில சிலைகளைத் தரச் சொல்லிக் கேட்டவர்களுக்கு அவர் தந்த பதில் ஒன்றை அங்கே எல்லோரும் சொல்வார்கள்: சிலைகளிடம் கேட்டுப் பார்த்தாராம், பயணம் போக அவற்றுக்கு விருப்பமில்லையாம். குறும்பா, உண்மையாகவே கேட்டாரா என்று யாரும் விளக்கவில்லை. எதுவாக இருந்தாலும் அவர் செய்தது சரி. ஒரு யோகச் சிலையை மட்டும் தூக்கி வெள்ளைச் சுவருக்கு முன்னால், விளக்கு போட்டு வைத்தால் அது சுமாரான சிலை. இங்கே, மற்ற இருநூறு பேரோடு, புல்லில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அது பெரிய படைப்பாகிறது.

அவர் மறைவுக்குப்பின் இடத்தைத் தனியார் ஒருவர் வாங்கிக் காத்துவருகிறார். இப்போது கட்டணம் உண்டு. வாங்கியவர் இல்லையென்றால் புல்லும் பனியும் மொத்தத்தையும் எப்போதோ விழுங்கியிருக்கும், கட்டணத்துக்காக முணுமுணுக்க ஒன்றுமில்லை. திறக்கும் நாட்களும் தொகையும் மாறக்கூடியவை. கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

அத்தனை தூரம் போவதால் வேறு இடங்களையும் சேர்த்துக்கொள்ள எல்லோருக்கும் ஆசை வரும். பறவை பார்க்கிறவர்களுக்கு பாரிக்கலாவிலேயே சீக்கலாஹ்தி சதுப்பு நிலம் இருக்கிறது. சவோன்லின்னா பக்கம் போனால் 1475-ல் கட்டத் தொடங்கிய ஓலவின்லின்னா கோட்டை, வழியில் புங்கஹார்யு மண்மேடு. இவற்றைத் தோட்டத்துக்கு முன்னால் வைக்காதீர்கள், பின்னால் வையுங்கள். களைத்த கண்ணோடு வருகிறவர்களுக்குப் பல் மட்டும்தான் தெரியும். ஹெல்சிங்கியிலிருந்து இதற்காகவே ஒரு நாள் ஒதுக்கலாமா என்று கேட்டால், ஒதுக்கலாம். காலையில் கிளம்பிவிடுங்கள், தோட்டத்துக்குள் குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும்.