ஐந்து வயதுவரை பொறுத்திருக்கலாமா?

தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து பிராயம் வரையில் வாய் பேசாதிருந்தார் என்றும், மனம் நொந்த பெற்றோர் அவரைத் திருச்செந்தூர்ச் சந்நிதிக்குக் கொண்டு சென்று கிடத்த, முருகன் திருவருளால் வாய் திறந்து கந்தர் கலிவெண்பாவைப் பாடினார் என்றும் வழங்கிவரும் சரிதத்தைத் தூத்துக்குடி மாவட்டத்தில் கேளாதவர் அரிது. பக்தியுலகில் அதற்குரிய ஸ்தானத்தை அசைத்துப் பார்ப்பது என் நோக்கமன்று. ஆனால், மூன்று வயது நிரம்பியும் 'அம்மா' என்றழைக்காத பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கலங்கும் ஒரு தாயிடம், "சாமிக்கே அஞ்சு வயசுலதான் பேச்சு வந்துச்சு, ஒம் மவனுக்கும் வரும், பொறு" என்று அக்கம்பக்கத்தார் ஆறுதல் சொல்லும்போது, அந்தச் சரிதத்தில் வரும் பெற்றோர் பொறுத்திருந்தவர்கள் அல்லர், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டவர்கள் என்பதை மட்டும் எப்படியோ மறந்துவிடுகிறார்கள்.

"ஆண்பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான்; அவன் அப்பனும் அப்படித்தான்" என்பது இதே ஆறுதலின் இன்னொரு வடிவம். இதில் பாதி உண்மை இருப்பதுதான் சங்கடம். சராசரியாகப் பார்த்தால் ஆண்குழந்தைகளின் பேச்சு சிறிது பிந்துவதுண்டு; தாமதமாகத் தொடங்கிய பிள்ளைகளில் பலர் பின்னர் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுவதும் உண்டு. எட்டிப் பிடிக்கப் போகும் பிள்ளை எது, உதவியின்றி எட்டிப் பிடிக்க இயலாத பிள்ளை எது என்பதைத் திண்ணையில் உட்கார்ந்து நிர்ணயிக்க முடியாது என்பதே மீதிப் பாதி. பல தேசத்துக் குழந்தைகளைப் பார்த்து உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட ஆய்வின்படி, குழந்தைகள் தாமாக நடக்கத் தொடங்கும் காலம் ஏறத்தாழ 8 மாதத்திலிருந்து 18 மாதம் வரை விரிந்து கிடக்கிறது. ஆகவே பத்து மாதத்தில் நடக்கவில்லையே என்று பதறுவதும் பேதைமை. பதினெட்டு மாதம் கடந்தும் நடக்காததைப் பொருட்படுத்தாதிருப்பதும் பேதைமை. பதினாறு மாதத்தில் ஒரு சொல்லேனும், இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துச் சொல்லும் வழக்கமும் வராவிடில் பரிசோதிப்பது நலம். முன்பு வந்த சொற்கள் பின்பு மறைந்துபோகுமானால், அது எந்த வயதாயினும், ஒரு வாரமும் தாமதிக்கலாகாது.

பேச்சு வராத பிள்ளைக்கு நாவில் வசம்பைத் தேய்ப்பதும், நாக்கின் கீழுள்ள தசைநாரை வெட்டிவிட்டால் பேச்சு பொலபொலவென்று உதிரும் என்று நம்புவதும் நம் வீடுகளில் இன்றும் காணக்கூடியவை. நாக்கை ஆராயும் இவர்கள் காதை ஆராய்வதில்லை. கேளாத குழந்தைக்குப் பேச்சு எங்கிருந்து வரும்? "எங்கள் பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்கிறது, தட்டைத் தட்டினால் திரும்பிப் பார்க்கிறான்" என்பார்கள். தட்டுகிற கையின் நிழலையும், தரையின் அதிர்வையும், கண்ணோரத்தில் எழும் அசைவையும் கொண்டு திரும்பிப் பார்க்கும் சாமர்த்தியம் கேளாத சிசுவுக்கும் உண்டு என்பதை அவர்கள் அறியார். தூங்கும் குழந்தையின் காதில் சிறு கருவியொன்றை வைத்து, உட்செவி ஒலிக்கு எதிரொலி தருகிறதா என்று சில நிமிஷங்களில் பார்த்துவிடும் ஓ.ஏ.இ. சோதனையும், அதில் ஐயம் எழுந்தால் செவி நரம்பும் மூளையும் ஒலியை ஏற்கும் விதத்தைப் பதிவு செய்யும் பெரா சோதனையும் அரசாங்க மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன. ஒரு மாதத்துக்குள் முதற் சோதனை, மூன்று மாதத்துக்குள் நிச்சயம், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலகெங்கும் நிபுணர் ஒப்புக்கொண்ட கிரமம்.

இந்தத் தூத்துக்குடிக் கடற்கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், குளிப்புக்கு முன்னரே அதிகாரிகள் முத்துப் பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து, வியாபாரிகளைக் கொண்டு மதிப்பிட்டு, சிப்பிக்கு வயது முதிர்ந்ததா என்று கண்டபின்னரே குளிப்பு நாளை அறிவிப்பார்கள். தவறவிட்டால் சிப்பி மடிந்து, முத்தும் மணலோடு போகும். மூளை மொழியைக் கைக்கொள்ளும் பருவமும் அத்தகையது. ஆயினும் முத்தைப்போல் அடியோடு தொலைந்து போவதில்லை, வரவர அரிதாகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக் குழந்தைக்குச் செலவின்றிச் செய்யப்படும், உட்செவியில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைக்கு ஆறு வயது என்ற எல்லை வகுத்திருப்பதும் இந்தக் காரணத்தினால்தான். ஐந்து வயதுவரை காத்திருந்த குடும்பத்துக்கு எஞ்சுவது எவ்வளவு காலம் என்பதை வாசகரே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

"இதற்கெல்லாம் மதுரைக்கோ சென்னைக்கோ போகவேண்டும், ஆயிரக்கணக்கில் செலவாகும்" என்பது அடுத்த நம்பிக்கை. 2013-ஆம் ஆண்டு மத்திய அரசாங்கம் தொடங்கிய, அலுவலகங்களில் ஆர்.பி.எஸ்.கே. என்று வழங்கும் சிறார் நலத் திட்டம், பிறப்பு முதல் பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகளைப் பிறவிக் குறைகள், ஊட்டக் குறைகள், நோய்கள், வளர்ச்சித் தாமதங்கள் என்ற நான்கு வகைகளில் பரிசோதிப்பதற்காகவே ஏற்பட்டது. மருத்துவர்களும் செவிலியரும் அடங்கிய நடமாடும் குழு பால்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறையும், அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வரவேண்டும் என்பது அதன் விதி. ஐயத்துக்குரிய பிள்ளைகளை அக்குழு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புகிறது. குழந்தை மருத்துவர், இயன்முறை சிகிச்சையாளர், பேச்சு மற்றும் செவித்திறன் நிபுணர், உளவியலாளர், கண் பரிசோதகர், சிறப்பாசிரியர் ஆகியோரை ஒரே கூரையின்கீழ் அமர்த்துவதே அந்த மையத்தின் தத்துவம். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில், டி.இ.ஐ.சி. எனப்படும் இந்த மையம் எங்கே என்று கேட்டால் வழி சொல்வார்கள். குழு வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. எந்தச் சிபாரிசும் வேண்டுவதில்லை. புதன்கிழமை தடுப்பூசிக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடம் தாய் தன் ஐயத்தைச் சொல்வதே போதுமான ஆரம்பம்; 104 என்ற எண்ணில் கேட்டாலும் வழி கிடைக்கும்.

எல்லாப் பணியிடங்களும் எக்காலத்திலும் நிரம்பியிருக்கும் என்று நான் சாதிக்க வரவில்லை. இலவசம் என்ற சொல்லிலும் ஓர் அரைப்பொய் உண்டு. பேச்சுப் பயிற்சியும் இயன்முறைப் பயிற்சியும் ஒரு நாளில் முடிவனவல்ல. வாரந்தோறும், மாதக்கணக்கில் தொடர்வன. விடியுமுன் பாத்தியில் இறங்கும் உப்பளத் தொழிலாளிக்கு ஒரு நாள் மருத்துவமனை என்றால் ஒரு நாள் கூலி போயிற்று. வேம்பாரிலிருந்தோ பெரியதாழையிலிருந்தோ வருபவளுக்குப் பொழுதே போயிற்று. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது சிறு உபகாரம். அந்தப் பேருந்துகள் ஓடாத தூரத்துக்கு அதுவும் இல்லை. பிள்ளையை அழைத்து வராத பெற்றோரை அசிரத்தை உள்ளவர் என்று ஏசும் உத்தியோகஸ்தர் இந்தக் கணக்கையும் ஒரு முறை போட்டுப் பார்ப்பது நல்லது. தாய்க்கே பயிற்சி முறையைக் கற்றுக்கொடுத்து, வீட்டில் நாள்தோறும் செய்யச் சொல்லும் சிகிச்சையாளரே இவ்விடத்தில் மெய்யான உபகாரி.

பணத்தைக் காட்டிலும் பயமே பலரைத் தடுக்கிறது. "போனால் அட்டை கொடுத்து, பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்கள், நாளைக்கு அவள் தங்கைக்கு வரன் வராது." பரிசோதனை வேறு, சான்று வேறு. பிள்ளையின் நிலையை அறிந்து பயிற்சி தொடங்குவதற்கு எந்த அட்டையும் தேவையில்லை. பெற்றோர் விண்ணப்பித்தாலன்றி மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வந்து சேர்வதுமில்லை. அதே சமயம், 2016-ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்புக்கொண்ட 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்று பிள்ளைக்கு இருக்குமானால், அட்டையை மறுப்பதனால் மறைவது ஊரின் கண்ணிலிருந்து அன்று, உரிமையின் கண்ணிலிருந்துதான். அறிவுசார் குறைபாடோ கடும் பாதிப்போ உடையவர்களுக்குத் தமிழ்நாடு அரசாங்கம் தரும் மாத உதவித்தொகை 2000 ரூபாயாக உயர்ந்தது. கோரம்பள்ளத்திலுள்ள ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகினால் இதற்குரிய விவரம் தெரியும். ஊரார் அறியாதபடி ஒரு பிள்ளையைப் பதினைந்து ஆண்டு வீட்டுக்குள் வைத்திருக்க முடியும் என்று நினைப்பதே எனக்கு வியப்பாக இருக்கிறது. திரேஸ்புரத்திலோ புன்னக்காயலிலோ அடுத்த வீட்டில் என்ன குழம்பு என்பதே தெரியாமற்போவதில்லை.

பள்ளியில் சேர்க்கமாட்டார்கள் என்பதும் தவறு. சட்டம் பள்ளியின் கதவைத் திறந்திருக்கிறது. வட்டார வள மையங்களின் சிறப்பாசிரியர்களும் இயன்முறை சிகிச்சையாளர்களும் மாற்றுத்திறன் கொண்ட மாணவர்களுக்காகவே நியமிக்கப்பட்டவர்கள். பள்ளிக்கு வர இயலாத பிள்ளைக்கு வீட்டிலேயே பயிற்சி தரும் ஏற்பாடும் அவர்கள் பொறுப்பே.

காரணம் தேடுவதில் நம் வீடுகள் தாயையே கூண்டில் ஏற்றுகின்றன: கிரகணத்தில் வெளியே வந்தாள், கண்ட நேரத்தில் கடற்கரைக்குப் போனாள், தடுப்பூசி போட்டாள். மூடநம்பிக்கை நம்முடைய பிதிரார்ஜிதம் மட்டும் அன்று. அன்பற்ற தாயால்தான் ஆட்டிசம் உண்டாகிறது என்று 1967-இல் அமெரிக்காவில் பெட்டல்ஹைம் என்பவர் ஒரு பெரிய நூலே எழுதினார். விஞ்ஞானம் அதைப் பின்னர் நிராகரித்தது. தட்டம்மைத் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சிட்டு 1998-இல் லான்செட் பத்திரிகையில் வெளிவந்த கட்டுரையையும் அப்பத்திரிகையே 2010-இல் திரும்பப் பெற்றது. குற்றவாளியைத் தேடும் காலத்தில் பிள்ளைக்கு ஒரு வயது கூடிவிடுகிறது.

மருத்துவமனைக்குப் போகும்போது தடுப்பூசி அட்டையையும், பிறந்த நேரத்து மருத்துவமனைக் காகிதங்களையும் எடுத்துச் செல்லவேண்டும். குழந்தை எந்த மாதத்தில் கழுத்து நின்றது, உட்கார்ந்தது, எந்தச் சொல்லை முதலில் சொன்னது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டால், மருத்துவரின் முன்னால் நா தடுமாற வேண்டியதில்லை. "பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை" என்று வாயால் சொன்னால் போதாது. என்ன சோதனை செய்தார்கள், முடிவு என்ன, மறுபடி எந்தத் தேதியில் வரவேண்டும் என்ற மூன்றையும் சீட்டில் எழுதித் தரும்படி மரியாதையாக, ஆனால் விடாமல், கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.