குளிரில் நிற்கும் காரும் திண்மநிலை மின்கலத்தின் வாக்குறுதியும்

தொகைசார் பண்புகள் பாடத்தில் உறைநிலைத் தாழ்வுக்கு எடுத்துக்காட்டாகக் காரின் ரேடியேட்டரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்காலைச் சொல்கிறோம். மாணவர்கள் அதை எழுதிக்கொள்கிறார்கள். ஆனால் ரேடியேட்டர் நீர் உறைவதை நம் மாணவர்களில் பெரும்பாலோர் கண்டதில்லை. "நீர் எதற்கு உறைய வேண்டும்?" என்று ஒரு மாணவர் கேட்டால், அந்தக் கேள்வியை ஒரு முழுப் பாடவேளைக்கு விரிக்கலாம். குளிர்நாட்டில் ஒரு காரைக் குளிர்காலத்துக்குத் தயார் செய்வதில் வாயு விதி, கரைசல், பாகுநிலை, மின்வேதியியல், வேதிவினை வேகவியல் ஆகிய ஐந்தும் வந்துவிடுகின்றன. இன்று செய்திகளில் அடிக்கடி அடிபடும் திண்மநிலை மின்கலத்தைச் சரியாக மதிப்பிடவும் இதே பாடங்கள் போதும்.

நார்வேக்குப் போவோம்

நார்வேயின் உள்நாட்டு ஊரான ரோரோஸ் போன்ற இடங்களில் குளிர்கால இரவில் வெப்பநிலை −20 °செ-க்குக் கீழே இறங்குவது புதிதன்று. ஆளில்லாத சாலையில் கார் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவரின் உயிருக்கே ஆபத்து. ஆகவே அங்கே குளிர்காலத் தயாரிப்பு உயிர்காக்கும் வேலை. அதன் நான்கு படிகளைப் பார்ப்போம்.

முதலாவது, குளிர்விப்பு நீர். நீர் பனிக்கட்டியாகும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. எஞ்சினுக்குள் இது நிகழ்ந்தால் இரும்பு வார்ப்பும் வெடிக்கும். தூய எத்திலீன் கிளைக்கால் −13 °செ அளவில் உறைகிறது. அதை நீருடன் சம கன அளவில் கலந்தால் கலவை ஏறத்தாழ −37 °செ வரை உறைவதில்லை. இரண்டும் தனித்தனியே உறையும் வெப்பநிலையைவிடக் கலவையின் உறைநிலை கீழே இருப்பதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். பாடநூல் சூத்திரத்தில் போட்டால் −33 °செ-க்கு அருகில் விடை வரும். சூத்திரம் நீர்த்த கரைசல்களுக்கு உரியது என்பதை விளக்க இந்த வேறுபாடு கைகொடுக்கும்.

இரண்டாவது, டயர். 27 °செ-இல் 32 பி.எஸ்.ஐ. காற்று நிரப்பிய டயர் −3 °செ-க்கு வந்தால் அழுத்தம் எவ்வளவு? டயர்மானி காட்டுவது வளிமண்டல அழுத்தத்துக்கு மேலுள்ள அழுத்தத்தை மட்டுமே. எனவே 32 உடன் 14.7ஐக் கூட்ட 46.7. கெல்வினில் 300 இலிருந்து 270 ஆகக் குறைவதால் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்து 42.0 ஆகும். 14.7ஐக் கழித்தால் டயர்மானியில் 27.3 தெரியும். டயரில் ஓட்டை ஏதும் இல்லாமலே ஏறத்தாழ 5 பி.எஸ்.ஐ. குறைந்துவிட்டது. செல்சியஸ் அளவை அப்படியே போட்டுக் கணக்கிடும் மாணவருக்கு அழுத்தம் குறைக்குறியுடன் வரும். கெல்வின் ஏன் தேவை என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். சாதாரண டயரின் ரப்பர் குளிரில் இறுகி வழுக்கும் என்பதால், அங்கே மென்மை குன்றாத குளிர்கால டயர்களுக்கு மாறுகிறார்கள்.

மூன்றாவது, எஞ்சின் எண்ணெய். குளிரில் எண்ணெயின் பாகுநிலை கூடும். எண்ணெய் டப்பாவில் 5டபிள்யூ-30 என்று இருப்பதில் 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னுள்ள எண் சிறியதாக இருந்தால் எண்ணெய் குளிரிலும் எளிதாக ஓடும்.

நான்காவது, பேட்டரி. எண்ணெய் கெட்டியானதால் எஞ்சினைச் சுழற்றக் கூடுதல் மின்னோட்டம் தேவைப்படும் அதே நேரத்தில், காரீய-அமில பேட்டரியின் திறன் −18 °செ-இல் ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது. அதனால்தான் பேட்டரியின் குளிர்த்தொடக்கத் திறனை −18 °செ-இலேயே அளக்கிறார்கள். 12 வோல்ட் பேட்டரி 30 விநாடிகள் மின்னோட்டம் தந்த பிறகும் 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. பேட்டரி மின்னிறக்கம் அடையும்போது சல்பியூரிக் அமிலம் செலவாகி நீர் உருவாகிறது. முழு மின்னேற்றத்தில் அமிலக் கரைசல் −60 °செ அளவு வரை உறையாது. காலியான பேட்டரியின் நீர்த்த கரைசலோ −10 °செ-க்கு அருகிலேயே உறைந்து கூட்டை உடைத்துவிடும். குளிர்காலத்துக்கு முன் பேட்டரியை முழுமையாக மின்னேற்றுங்கள் என்று சொல்வதன் காரணம் இதுவே.

மின்காரில் என்ன நடக்கிறது?

நார்வேயில் 2024இல் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது மின்கார்கள். எனவே மின்கார் குளிரில் ஓடவே ஓடாது என்பது சரியன்று. குளிர் அதைப் பாதிக்காது என்பதும் சரியன்று. லித்தியம் அயனி மின்கலத்தில் அயனிகள் ஒரு கரிமத் திரவத்தின் வழியே நகர்கின்றன. குளிரில் அத்திரவம் கெட்டிப்பட்டு அயனிகள் மெதுவாகின்றன. உறைநிலைக்குக் கீழே வேகமாக மின்னேற்றினால், கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாத லித்தியம் அதன் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். இந்தப் படிவு ஊசிகளாக வளர்ந்தால் மின்கலத்துக்குள் குறுக்குச்சுற்று ஏற்படலாம். இதைத் தவிர்க்கக் குளிர்ந்த பேட்டரிக்கு மின்னேற்றத்தைக் கார் தானே மட்டுப்படுத்துகிறது. 2024 ஜனவரிக் கடுங்குளிரில் அமெரிக்காவின் சிகாகோ நகர மின்னேற்ற நிலையங்களில் கார்கள் வரிசையில் தேங்கி நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். புறப்படும் முன், மின்னிணைப்பில் இருக்கும்போதே பேட்டரியையும் உள்ளறையையும் சூடாக்கிக்கொள்வதே மின்காரின் குளிர்காலத் தயாரிப்பு.

திண்மநிலை: வாக்குறுதியும் கணக்கும்

திரவம்தானே தொல்லை, அதற்குப் பதில் திண்மப் பொருளை வைத்தால் என்ன? இந்த எண்ணம் பழையது. திண்மப் பொருள்களிலும் அயனிகள் நகரும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1830களிலேயே கவனித்தார். 2007இல் ராமசாமி முருகன், வெங்கட்ராமன் தங்கதுரை, வெர்னர் வெப்னர் ஆகிய மூவரும் லித்தியம், லாந்தனம், சிர்கோனியம், ஆக்சிஜன் சேர்ந்த கார்னெட் வகைப் பீங்கான் ஒன்று அறைவெப்பநிலையிலேயே லித்தியம் அயனிகளை நன்கு கடத்துவதை வெளியிட்டனர். திண்மநிலை மின்கல ஆய்வில் பெரிதும் பேசப்படும் பொருள்களுள் இது ஒன்று. முருகன் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராகப் பணியாற்றியவர் என்பதை மாணவர்களிடம் மறக்காமல் சொல்லுங்கள். 2011இல் ஜப்பானில் ரியோஜி கன்னோவின் குழு, திரவ மின்பகுளிக்கு நிகராகக் கடத்தும் சல்பைடு வகைத் திண்மத்தை அறிவித்தது.

பீங்கான் மின்பகுளி தீப்பற்றாது, கசியாது, உறைவதும் இல்லை. கிராஃபைட்டுக்குப் பதில் லித்தியம் உலோகத்தையே வைக்க முடிந்தால் அதே எடையில் கூடுதல் ஆற்றலைச் சேமிக்கலாம். இவை உண்மையான நன்மைகள். ஆனால் குளிரே பாதிக்காது என்று சிலர் இவற்றோடு சேர்த்துச் சொல்வதை மாணவர்கள் சோதிக்க வேண்டும். திண்மத்தில் அயனி ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குத் தாவ ஒரு கிளர்வு ஆற்றல் தேவை. எனவே இங்கும் அர்ஹீனியஸ் சமன்பாடு பொருந்தும்.

கார்னெட் பீங்கானுக்குக் கிளர்வு ஆற்றலை மோலுக்கு 29,000 ஜூல் என்று கொள்வோம். 298 கெல்வினிலிருந்து 253 கெல்வினுக்கு, அதாவது 25 °செ-இலிருந்து −20 °செ-க்கு, வருகிறோம். 29,000ஐ 8.314ஆல் வகுக்க 3488. இரு வெப்பநிலைகளின் தலைகீழ்களின் வேறுபாடு 0.000597. இரண்டையும் பெருக்க 2.08. இதன் அடுக்குக்குறி மதிப்பு ஏறத்தாழ 8. ஆக, கடத்துதிறன் எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. திண்மம் உறையவில்லை என்றாலும் அயனிகளின் ஓட்டம் மந்தமாகிவிட்டது.

இதற்கு நடைமுறைச் சான்றும் உண்டு. பாரிஸ் நகரில் 2011 முதல் 2018 வரை இயங்கிய 'ஆட்டோலிப்' வாடகை மின்கார்களில் திண்மப் பாலிமர் மின்பகுளி கொண்ட பேட்டரியே இருந்தது. அது ஏறத்தாழ 60 முதல் 80 °செ வெப்பத்தில்தான் வேலை செய்யும். ஆகவே நிறுத்தியிருக்கும்போதும் அதைச் சூடாக வைத்திருக்க வேண்டியிருந்தது. 'திண்மநிலை' என்ற பெயர் மட்டும் எதற்கும் உறுதி தராது. எந்தத் திண்மம், எந்த வெப்பநிலை என்று கேட்க வேண்டும். வேறு தடைகளும் உள்ளன. திண்மமும் மின்முனையும் இடைவெளியின்றி ஒட்டியிருக்க வேண்டும். லித்தியம் ஊசிகள் பீங்கானின் நுண்விரிசல்களிலும் நுழைகின்றன. சல்பைடு வகைகள் ஈரக்காற்றில் நச்சு வாயுவை வெளியிடுகின்றன.

வகுப்பறைச் செயல்பாடுகள்

1. ஒரு குவளையில் தூய நீரும் மற்றொன்றில் அடர் உப்புநீரும் எடுத்து உறைபெட்டியில் வைத்து, அரைமணிக்கு ஒருமுறை பார்க்கச் செய்க. முதலில் உறைவது எது?

2. ஒரே வகைப் புதிய டார்ச் செல்கள் இரண்டில் ஒன்றை நெகிழிப் பையில் சுற்றி இரவு முழுவதும் உறைபெட்டியில் வைக்க. காலையில் இரண்டையும் ஒரே இழை பல்புடன் மாறிமாறி இணைத்து ஒளியை ஒப்பிடுக. குளிர்ந்த செல் அறைவெப்பநிலைக்குத் திரும்பியபின் மீண்டும் சோதிக்க.

எத்திலீன் கிளைக்கால் நச்சுப்பொருள். சுவை இனிப்பாக இருப்பதால் ஆபத்து இன்னும் அதிகம். அதையும் கார் பேட்டரி அமிலத்தையும் வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டாம்.

சிந்தனை வினாக்கள்

1. காலியான பேட்டரி மட்டும் குளிரில் வெடிப்பது ஏன்?

2. கிளர்வு ஆற்றல் பாதியாக உள்ள திண்மம் கிடைத்தால் −20 °செ-இல் கடத்துதிறன் எந்த அளவு குறையும்?

3. புதிய பேட்டரி பற்றிய ஒரு செய்தியை எடுத்துக்கொள்க. அதில் அளந்து கண்டவை எவை, இனி நடக்கும் என்று எதிர்பார்ப்பவை எவை எனப் பிரித்து எழுதுக.

மூன்றாவது வினாவுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். நாளை மின்வண்டி வாங்கப்போகிறவர்களும் அதன் மின்கலத்தை ஆராயப்போகிறவர்களும் நம் வகுப்பில்தான் அமர்ந்திருக்கிறார்கள். விளம்பரத்தில் காணும் ஒரு வாக்கியத்தை ஏற்கும் முன் எந்த வெப்பநிலையில், எந்தப் பொருளில் என்று கேட்கும் பழக்கம் இருவருக்கும் தேவை.