தரவுத்தள மென்பொருளின் உரிமச் செலவு

கொச்சி மட்டாஞ்சேரியிலுள்ள மிளகுப் பண்டகசாலை ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அங்கே வணிகர் பெயர்கள் ஓர் அட்டவணையிலும், மூட்டைக் கணக்கு மற்றோர் அட்டவணையிலும் இருக்கும். வணிகருக்குரிய எண் இரண்டையும் இணைக்கும். 1970-இல் எட்கர் காட் வகுத்த உறவுமுறைத் தரவுத்தளத்தின் அடிப்படை இதுவேயாகும்.

இவ்வகை மென்பொருள்களின் செலவு ஒரே முறையில் அமைவதில்லை. ஆரக்கிள் நிறுவனத்தின் உயர்நிலைப் பதிப்பில், தள்ளுபடிக்கு முன், ஒரு செயலி உரிமத்தின் பட்டியல் விலை 47,500 டாலர். கணினிச் செயலியின் கருக்கள் மிகுந்தால் உரிமங்களும் மிகும். அன்றியும், ஆண்டுதோறும் ஆதரவுக் கட்டணமாக உரிம விலையில் 22 விழுக்காடு செலுத்த வேண்டும். ஐந்தாண்டுகளில் இக்கட்டணம் மட்டுமே 52,250 டாலராகி, உரிம விலையையும் விஞ்சிவிடும்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் கிடையாது. ஆயினும் அதனை நிறுவவும், கணக்குகளுக்குக் காப்புப் பிரதி எடுக்கவும், பழுது நீக்கவும் பயிற்சி பெற்றவர் வேண்டும். அவரது ஊதியமும் செலவேயாகும். பயிற்சியற்றவர் கையில் கணக்குகள் அழியுமாயின், இலவசமாகப் பெற்றதே பெருநட்டமாக முடியும்.

இந்திய அரசு 2015-இல் வெளியிட்ட திறந்த மூல மென்பொருட் கொள்கையும், இருவகை மென்பொருள்களையும் அவற்றின் முழுப் பயன்பாட்டுக் காலச் செலவு, ஆதரவுத் தேவை ஆகியவற்றைக் கொண்டு ஒப்பிடுமாறு பணிக்கிறது. ஆகவே உரிமம், ஆதரவு, ஊதியம் ஆகிய மூன்றையும் கூட்டிப் பார்த்த பின்னரே தேர்வு செய்தல் முறையாகும்.