காரில் ஓர் இரவு... காலையில் கலகலப்பா? கால் வீக்கமா?

"தைலம் ஏதாவது குடுங்க சார்... நல்லா நீவி விட்டா சரியாப் போயிரும்லா?"

2023 டிசம்பர் கடைசி வாரம். என் முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு வயது ஐம்பத்திரண்டு. பேசியது அவர் மனைவி. குடும்பத்தோடு திருநெல்வேலியிலிருந்து கொடைக்கானல் போயிருக்கிறார்கள். விடுமுறைக் கூட்டம். எந்த லாட்ஜிலும் ரூம் கிடைக்கவில்லை. 'ஒரு ராத்திரிதானே, காருக்குள்ளேயே படுத்துக்குவோம்' என்று முடிவு செய்துவிட்டார்கள். பிள்ளைகள் பின் சீட்டில் சுருண்டு கொள்ள, இவர் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கியிருக்கிறார். மறுநாள் ஏழு மணி நேரம் வண்டி ஓட்டி வீடு வந்து சேர்ந்தார். மூன்றாம் நாள் என்னிடம் வந்தார்.

இடது கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்தேன். வீங்கியிருந்தது. சுட்டது. அழுத்தினால் வலி. வலது கால் சாதாரணமாக இருந்தது.

நான் தைலம் கொடுக்கவில்லை. "இதை யாரும் நீவக் கூடாது. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுங்க" என்று சீட்டு எழுதி அனுப்பினேன். அந்த அம்மாவுக்கு என் மேல் கோபம்கூட வந்திருக்கும்! ஆனால் ஸ்கேனில் தெரிந்தது, காலின் ஆழமான சிரைக்குள் ரத்தம் உறைந்து கட்டியாகியிருந்தது. அதை நீவிவிட்டிருந்தால், கட்டி நகர்ந்து நுரையீரலில் போய் அடைத்திருக்கலாம். உயிருக்கே ஆபத்து.

சில மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானார். பிறகு ஒரு நாள் வந்து கேட்டார்: "சார், அப்போ இனிமே காருல தூங்கவே கூடாதா?"

தாராளமாகத் தூங்கலாம். முறையாகத் தூங்க வேண்டும், அவ்வளவுதான். அந்த முறையைத்தான் இந்தக் கட்டுரையில் பாடமாகச் சொல்லப் போகிறேன். 'சித்த வைத்தியருக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கிறீர்களா? தூக்கம், மூச்சு, கால், வயிறு... எல்லாமே வைத்தியர் விஷயம்தானே!

உட்கார்ந்து தூங்கினால் என்ன?

நம் கெண்டைக்கால் தசைக்கு 'இரண்டாவது இதயம்' என்றே பெயர். நடக்கும்போது அது சுருங்கி விரிந்து, காலில் இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுகிறது. காலைத் தொங்கப்போட்டு, முழங்காலை மடக்கி, மணிக்கணக்கில் அசையாமல் இருந்தால் இந்தப் பம்பு நின்றுபோகும். ரத்தம் தேங்கும். தேங்கிய ரத்தம் சிலருக்கு உறையும். நாலு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து உட்கார்ந்து பயணம் செய்தாலே இந்த ஆபத்து கூடுகிறது. கார், பஸ், ரயில், விமானம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

சமீபத்தில் ஆபரேஷன் செய்தவர்கள், கர்ப்பிணிகள், குழந்தை பெற்று சில வாரங்களே ஆனவர்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள், மிகப் பருமனானவர்கள், ஏற்கெனவே ஒருமுறை இப்படிக் கட்டி வந்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இவர்கள் காரில் இரவு தங்குவதைத் தவிர்ப்பதே நல்லது.

ஆகவே முதல் விதி: படுப்பதென்றால் கால் நீட்டிப் படுக்க வேண்டும்.

சின்ன வண்டியில் இடம் எங்கே?

இன்றைக்கு நடுத்தரக் குடும்பங்கள் விரும்பி வாங்கும் காம்பாக்ட் எஸ்.யூ.வி.கள் பலவும் நாலு மீட்டர் நீளத்துக்குள் அடங்குபவை. நீளமும் என்ஜின் அளவும் வரம்புக்குள் இருந்தால் வரி குறைவு என்பதால் அப்படிச் செய்கிறார்கள். நாலு மீட்டர் என்றால் சுமார் 13 அடி. இதில் என்ஜினும் முன் சீட்டும் போக, பின் சீட்டை மடித்தால் சுமார் ஐந்தரை அடி கிடைக்கலாம். வண்டிக்கு வண்டி இது மாறும். கிளம்புவதற்கு முந்தின நாளே, வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, டேப்பால் அளந்து, ஒருமுறை படுத்துப் பாருங்கள். அக்கம்பக்கத்தார் சிரித்தால் சிரிக்கட்டும்!

படுக்கை போடும் முறை இதோ:

1. முன் சீட்டுகள் இரண்டையும் முடிந்த அளவு முன்னால் தள்ளுங்கள். பின் சீட்டின் சாய்மானத்தை மடியுங்கள்.

2. முன் சீட்டுக்கும் மடித்த சீட்டுக்கும் நடுவே பள்ளம் விழும். அதில் துணிப்பை, பெட்டிகளை வைத்து நிரப்புங்கள். தலை பள்ளத்தில் தொங்கக் கூடாது.

3. மடித்த சீட்டு பெரும்பாலும் சமமாக இருக்காது. டிக்கிப் பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் ஏறியிருக்கும். தாழ்ந்த இடத்தில் ஜமுக்காளம், கம்பளியை மடித்துப் போட்டுச் சமன் செய்யுங்கள். முழுவதும் சமமாகாவிட்டால், உயரமான பக்கம் தலை, தாழ்ந்த பக்கம் கால் வைத்துப் படுங்கள்.

4. அதன் மேல் இலவம்பஞ்சு மெத்தையோ, மடிக்கும் மெத்தையோ, கடைசியில் ஒரு கோரைப்பாயோ விரியுங்கள். கோரைப்பாய் உடல் சூட்டைத் தணித்து நல்ல உறக்கம் தரும் என்பது நம் சித்த மருத்துவ வழக்கு. வியர்வையில் முதுகு ஒட்டாமல் இருப்பதை நீங்களே உணர்வீர்கள்.

5. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போடுங்கள்.

இந்த இடம் இரண்டு பேருக்குத்தான். நாலு பேர் நெருக்கிப் படுத்தால் யாருக்கும் தூக்கம் வராது. முன் சீட்டில் தூங்கியே ஆக வேண்டும் என்றால், சீட்டை முடிந்தவரை பின்னால் சாய்த்து, ஒரு பையின் மேல் காலைத் தூக்கி வையுங்கள். இடையில் விழிப்பு வரும்போதெல்லாம் பாதத்தை இருபது முறை மேலும் கீழும் அசையுங்கள்.

படுத்தபின் இடப்பக்கமாகச் சரிந்து படுங்கள். தேரையர் தம் பிணியணுகா விதியில் இடக்கைப் பக்கம் படுப்பதைத்தான் சொல்கிறார். இரைப்பையின் அமைப்பால் இடப்பக்கம் படுக்கும்போது புளித்த ஏப்பமும் நெஞ்செரிச்சலும் குறைகின்றன என்று இன்றைய மருத்துவமும் ஒப்புக்கொள்கிறது.

வாசனை இல்லாத விஷம்

இதை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். குடும்பத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

குளிர்கிறது என்று ஹீட்டருக்காகவோ, புழுங்குகிறது என்று ஏ.சி.க்காகவோ என்ஜினை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். பெட்ரோல், டீசல் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. நிறம் கிடையாது, மணம் கிடையாது. ரத்தத்தின் சிவப்பணுவோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். பிறகு நீங்கள் மூச்சு விட்டும் பயனில்லை. சைலன்சரில் சிறு ஓட்டை இருந்தாலோ, பின்பக்கம் சுவரையோ மண்மேட்டையோ ஒட்டி நின்றாலோ புகை உள்ளே வரும். மூடிய ஷெட்டில் என்றால் கேட்கவே வேண்டாம்.

விழித்திருப்பவருக்குத் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று எச்சரிக்கை வரும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. ஊட்டி, கொடைக்கானல் குளிரில் கரி அடுப்பை உள்ளே வைத்துக் கணப்பு காய்வதும் இதே விஷம்தான். கேஸ் அடுப்பையும் வண்டிக்குள் பற்ற வைக்காதீர்கள்.

மின்சாரக் காரில் இந்தப் புகை கிடையாது. ஆனால் எந்தக் காராக இருந்தாலும் மூடிவைத்தால் மூச்சுக்காற்று கெட்டு, காலையில் தலை கனக்கும். ஆகவே, எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டை இரண்டு விரல் அகலம் திறந்து வையுங்கள். குளிருக்குக் கம்பளியும் காலுறையும் குல்லாவும் போதும்.

ஜன்னல் திறந்தால் கொசு வருமே? கதவுக்கு மேல் உறை மாதிரி மாட்டும் கொசுவலை கடைகளில் கிடைக்கிறது. இல்லாவிட்டால் வீட்டிலேயே வலைத்துணி வாங்கித் தைத்துக்கொள்ளலாம். வண்டிக்குள் கொசுவத்தி கொளுத்தக் கூடாது. நொச்சித் தழை நல்லதுதான். ஆனால் புகைமூட்டம் போடுவது வீட்டு முற்றத்தில் மட்டும்!

பகல் தூக்கத்துக்கு ஒரு எச்சரிக்கை. வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். 'குழந்தை தூங்குது, எழுப்ப வேண்டாம், டீ குடிச்சிட்டு வந்துரலாம்' என்று ஒருநாளும் விட்டுப் போகாதீர்கள். இன்சுலின் மருந்தையும் காரில் விடாதீர்கள், சூட்டில் வீரியம் போய்விடும்.

அடக்காதே!

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த நாளில் மனப்பாடம் செய்த பாடம், பதினான்கு வேகங்கள். சிறுநீர், மலம், தும்மல், இருமல், கொட்டாவி, பசி, தாகம், நித்திரை முதலான இயற்கை உந்துதல்களை அடக்கினால் நோய் வரும் என்கிறது சித்த மருத்துவம். கார் பயணத்தில் நாம் அடக்குவது எவையென்று பாருங்கள்.

ஒன்று, சிறுநீர். நம் வீட்டுப் பெண்கள் வழியில் சுத்தமான கழிப்பறை இருக்குமோ என்னவோ என்று பயந்து, காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. விளைவு, நீர்க்கடுப்பு, தலைவலி. தண்ணீர் குறைந்தால் ரத்தம் உறையும் வாய்ப்பும் கூடும். ஆண்களே, வண்டியை நிறுத்தச் சொல்லி அவர்களாகக் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நீங்களே நல்ல இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். எல்லோரும் இறங்கி ஐந்து நிமிடம் நடக்கவும் ஆயிற்று!

இரண்டு, நித்திரை. அதிகாலை 2 மணியிலிருந்து 5 மணி வரை உடல் தூக்கத்துக்கு இழுக்கும் நேரம். பிற்பகலிலும் ஒரு சின்ன இழுப்பு உண்டு. கொட்டாவி, கண் எரிச்சல், கடந்து வந்த ஊர் ஞாபகம் இல்லாமை... இவை வந்தால், 'இன்னும் நாப்பது கிலோமீட்டர்தானே' என்று ஓட்டாதீர்கள். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி இருபது நிமிடம் தூங்குங்கள். தூங்கும் முன் ஒரு காபி குடித்தால், எழும்போது அது வேலை செய்யத் தொடங்கியிருக்கும். எழுந்ததும் முகம் கழுவி, சில நிமிடம் நடந்துவிட்டுப் பிறகு ஓட்டுங்கள்.

எங்கே நிறுத்துவது? நெடுஞ்சாலை ஓரத்தில் கண்டிப்பாகக் கூடாது. பின்னால் வரும் லாரி டிரைவருக்கும் அதே தூக்கக் கலக்கம் இருக்கலாம்! வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள பெட்ரோல் பங்க், டோல்கேட் அருகே உள்ள ஓய்விடம், ஹோட்டல் வளாகம் ஆகியவற்றில் கேட்டுக்கொண்டு நிறுத்துங்கள். காட்டுப் பகுதியில் இரவு நிற்பது வேண்டாம். முதுமலை-பந்திப்பூர் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை 2009-ல் கொண்டுவரப்பட்டது. நேரம் கணக்கிட்டுக் கிளம்புங்கள். தென்னை மரத்தடி நிழலும் வேண்டாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை!

வயிறு லேசாக இருக்கட்டும்

இரவு பரோட்டா, பிரியாணி என்று வயிறு முட்டச் சாப்பிட்டு, குறுகிய இடத்தில் சுருண்டு படுத்தால் தூக்கம் எப்படி வரும்? இட்லி, இடியாப்பம் போதும். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். இரவில் கீரையும் தயிரும் வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்வதைப் பயணத்திலாவது கேட்போமே. சீரகம் போட்டுக் காய்ச்சிய வெந்நீர் ஒரு பிளாஸ்க்கில் இருக்கட்டும். மலைப்பாதையில் வாந்தி எடுப்பவர்களுக்கு இஞ்சி மொரப்பா ஒரு துண்டு வாயில் அடக்கக் கொடுங்கள்.

கிளம்பும் முன் ஒரு கேள்வித்தாள்

* படுத்துப் பார்த்தாயிற்றா?
* கொசுவலை, கம்பளி, தண்ணீர், டார்ச், அன்றாட மாத்திரைகள் எடுத்தாயிற்றா?
* இரவு என்ஜின் அணைந்திருக்கிறதா? எதிரெதிர் ஜன்னல் திறந்திருக்கிறதா?
* வண்டி நிற்கும் இடம் வீட்டில் ஒருவருக்குத் தெரியுமா?
* தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108... எல்லோர் செல்போனிலும் இருக்கிறதா?

ஊர் திரும்பிய பிறகும் ஒரு விஷயத்தை மறக்காதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, வலித்தால் தைலம் தேடாதீர்கள். நீவாதீர்கள். திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சித்த மருத்துவரான நானே சொல்கிறேன், அந்த நேரத்தில் முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.

என்னிடம் கேள்வி கேட்டவர், தன் டாக்டர் அனுமதி கொடுத்த பிறகே மறுபடி நெடும்பயணம் கிளம்பினார். இப்போது இரவுத் தங்கலுக்கு முன்கூட்டியே ரூம் போட்டுவிடுகிறார். காரில் குட்டித் தூக்கம் மட்டும், அதுவும் கால் நீட்டி. அன்றைக்குத் தைலம் கேட்ட அந்த அம்மா, முன் சீட்டில் வாட்ச்சைப் பார்த்தபடி உட்கார்ந்து, சரியாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, "நிறுத்துங்க, எறங்கி நடங்க!" என்கிறாராம்.

உங்கள் வண்டியிலும் அப்படி ஒருவர் இருந்தால், முணுமுணுக்காமல் இறங்கி நடங்கள்!