அம்பாசிடர் இஞ்சினைத் திறக்கப்போகும் தம்பிக்கு



உன் கடிதம் கிடைத்தது. முதல் முறையாகத் தனியாக ஒரு வண்டியை எடுத்திருக்கிறாய். அதுவும் 1489 சிசி பெட்ரோல் இஞ்சின் போட்ட பழைய அம்பாசிடர். ரொம்ப சந்தோஷம். வாங்கப்போகும் சாமான்களின் பட்டியலையும் பார்த்தேன். முதல் வரியிலேயே கம்ப்ரஸரும் இம்பாக்ட் கன்னும் இருக்கின்றன. அவை இரண்டையும் அடித்துவிடு. கழற்ற நேரம் ஆனால் ஆகட்டும். உன் கையிலிருக்கும் பணத்தில் பெரும்பகுதி அளக்கிற கருவிகளுக்குப் போகட்டும்.

ஸ்பேனர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இந்த இஞ்சின் இங்கிலாந்தின் பி.எம்.சி. கம்பெனி வடிவமைத்த பி-சீரிஸ். நட்டு, போல்ட்டெல்லாம் அங்குலக் கணக்கு. கையிலிருக்கும் மில்லிமீட்டர் செட்டை வைத்துச் சமாளிக்கப் பார்க்காதே. 1/2 அங்குல நட்டு 12.7 மி.மீ.; 13ஆம் நம்பர் ஸ்பேனர் அதில் உட்காருவதுபோலத்தான் தெரியும். பல வருடம் சூடேறி இறுகிய மேனிஃபோல்டு நட்டில் பலம் கொடுத்துத் திருப்பினால் மூலை மழுங்கிவிடும், அப்புறம் உளியும் சுத்தியலும்தான் கதி. 7/16, 1/2, 9/16, 5/8 இந்த நாலும் ரிங்கிலும் பாக்ஸிலும் நல்லதாக வேண்டும். பாக்ஸ் வாங்கினால் ஆறு மூலை உள்ளதாகப் பார்த்து வாங்கு. புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் ஃபோர்ஜிங் ஸ்பேனர் கிடைத்தால், வாய் விரியாமல் இருக்கிறதா என்று பார்த்து எடு. மில்லிமீட்டர் செட்டைத் தூக்கிப் போட்டுவிடாதே. இத்தனை கை மாறிய வண்டியில் எவனாவது எங்காவது மில்லிமீட்டர் போல்ட்டைத் திணித்திருப்பான்.

இப்போது அளவுக் கருவிகள். 1-2 அங்குல மைக்ரோமீட்டர் ஒன்று, 2-3 ஒன்று, போரின் உள்ளளவு எடுக்க டெலஸ்கோப்பிக் கேஜ், ஃபில்லர் கேஜ், காந்த ஸ்டாண்டோடு ஒரு டயல் கேஜ். சிறியதில் கிராங்க் அடங்கிவிடும்: பிக் எண்ட் பின் ஏறத்தாழ 1.876 அங்குலம், மெயின் 2 அங்குலம். போர் 2.875, அதற்குப் பெரியது.

கிராங்க் பின்னை ஒரு இடத்தில் அளந்துவிட்டு நம்பிவிடாதே. மேலும் கீழுமாக ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை, அதையே பின்னின் இரண்டு ஓரத்திலும் எடு. குறுக்களவும் நேரளவும் வேறுபட்டால் பின் முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கிறது. ஓரத்துக்கு ஓரம் வேறுபட்டால் சரிவு. இரண்டையும் கண்ணால் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. போரிலும் அப்படித்தான்: ரிங் ஏறி நிற்கும் மேல்விளிம்பில், கிராங்குக்குக் குறுக்கான திசையில்தான் தேய்மானம் அதிகம். அதற்கு மேலே தேயாத பகுதி வரப்புபோல நிற்கும், நகத்தை ஓட்டினால் தட்டும். பிஸ்டனை மேல்வழியாகத் தள்ளுவதற்கு முன் அந்த வரப்பை எடுத்துவிடு; இல்லாவிட்டால் ரிங் உடையும்.

இந்த எண்களைத் தாளில் எழுதிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போ. 10 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு) கிரைண்டிங் போதுமா, 20 போகவேண்டுமா என்பதை நீ சொல்லவேண்டும், அவர்கள் சொல்லக்கூடாது. பழைய வண்டியின் கிராங்கில் ஒவ்வொரு கிரைண்டிங்கும் திரும்பி வராத உலோகம். தேவையில்லாமல் 10 தௌ எடுத்தால் அந்த இஞ்சினின் ஆயுளில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டோம் என்று அர்த்தம். உத்தரபாரா தொழிற்சாலையில் 2014லேயே அம்பாசிடர் உற்பத்தி நின்றுவிட்டது; அதனால் இருக்கிற கிராங்கைத்தான் காப்பாற்றவேண்டும்.

திரும்ப மாட்டும்போது டார்க் ரெஞ்ச் இல்லாமல் கை வைக்காதே. கையேட்டில் அளவு அடி-பவுண்டில் இருக்கும், புது ரெஞ்சில் நியூட்டன் மீட்டர் இருக்கும். 1 அடி-பவுண்டு 1.36 நியூட்டன் மீட்டர்; பெருக்கிச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள். வேலை முடிந்ததும் ரெஞ்சின் ஸ்பிரிங்கை ஆகக் குறைந்த அளவுக்குத் தளர்த்திவை.

கியர் பாக்ஸுக்குக் கடையில் வாங்கவேண்டியது அதிகமில்லை. லே ஷாஃப்ட்டை உருவும்போது உள்ளே இருக்கும் ஊசி ரோலர்கள் கொட்டாமல் இருக்க, அதைவிடக் கொஞ்சம் மெலிந்ததாக, கியர் கொத்தின் நீளத்துக்கு ஒரு டம்மி ஷாஃப்ட்டை லேத்தில் கடைந்து வாங்கிக்கொள். கிளட்ச் பிளேட்டை நடுவுக்குக் கொண்டுவர, உடைந்த கியர் பாக்ஸிலிருந்து எடுத்த பழைய இன்புட் ஷாஃப்ட்டே போதும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் இரண்டு ஃபிளேஞ்சிலும் குறி போட மறக்காதே.

டிஃபரன்ஷியலில் சத்தம் இல்லையென்றால் திறக்காதே. ஆயிலை மாற்று, சீல் கசிகிறதா பார், விட்டுவிடு. ஆர்வத்தில் திறந்து ஷிம் இடம் மாறிப்போனால், கிரவுன்-பினியன் பல் பதிவை நீல மை தடவித் தடவிச் சரிசெய்யும் வேலை இப்போதைக்கு உனக்கு வேண்டாம்.

வண்டிக்கு அடியில் படுக்கும்போது மட்டும் சிக்கனம் பார்க்காதே. ஜாக்கியை நம்பியும் படுக்காதே, ஹாலோ பிளாக் கல்லை நம்பியும் படுக்காதே. அந்தக் கல் முன்னறிவிப்பில்லாமல் பொடிந்துவிடும். இரும்பு ஸ்டாண்ட் நாலு வாங்கு. இஞ்சினை இறக்கச் செயின் பிளாக்கை வாடகைக்கு எடுத்துக்கொள், ஆனால் அதை மாட்டும் உத்திரத்தை ஒரு கொத்தனாரிடம் காட்டிவிட்டு மாட்டு.

கிராங்க் வெளியே வந்ததும் எண்ணெய் தடவித் துணி சுற்றி நிறுத்திவை. நான் சொன்னபடி நாலு பின்னையும் மூன்று மெயினையும் அளந்து எனக்கு எழுது. அதைப் பார்த்து நான் பதில் போடும்வரை கிரைண்டிங்குக்குக் கொடுக்காதே.

அன்புடன்,
உன் அண்ணன்