பழைய வெள்ளிக் காசுகள்: சேகரிப்பும் சான்றுமதிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

பழைய வெள்ளிக் காசுகளைச் சேகரிப்பது பொழுதுபோக்காகவும் முதலீடாகவுமே பெரிதும் கருதப்படுகிறது. எனினும் தமிழக வரலாற்றிற்கு இன்றியமையாத சில சான்றுகள் சேகரிப்பாளர் வழியாகவே கிடைத்துள்ளன. கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த சேரர் வெள்ளிக் காசுகளையும், சோழமண்டலக் கடற்கரையில் வழங்கிய ஆற்காட்டு ரூபாயையும் சான்றாகக் கொண்டு, காசின் மதிப்பு எதனால் நிலைபெறுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வெள்ளிக் காசு, மாக்கோதை, கரூர், ஆற்காட்டு ரூபாய், கிடைப்பிடம்.

முன்னுரை

வெள்ளிக் காசுக்கு மூவகை மதிப்பு உண்டு. எடையாலும் தூய்மையாலும் அமைவது உலோக மதிப்பு. அருமையாலும் விரும்புவோர் தொகையாலும் அமைவது சந்தை மதிப்பு. கடந்த காலத்தைப் பற்றி அது என்ன கூறுகிறது என்பதால் அமைவது சான்றுமதிப்பு. முதல் இரண்டும் காசைக் கையில் வைத்திருப்பவருக்கு உரியன. மூன்றாவது அனைவருக்கும் பொதுவானது. அது காசிலிருந்து எளிதில் பிரிந்துபோகக் கூடியது என்பதும், ஒருமுறை பிரிந்தால் மீட்க இயலாதது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

தமிழகத்தில் பண்டை வெள்ளிக் காசுகள்

தமிழகத்தில் கிடைக்கும் மிகப் பழைய வெள்ளிக் காசுகள் முத்திரை குத்தப்பட்ட காசுகளாகும். இவை எழுத்தின்றிக் குறியீடுகள் மட்டுமே கொண்டவை. போடிநாயக்கனூரில் இவ்வகைக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. பின்பக்கத்தில் மீனை ஒத்த குறியீடு இருப்பதால் ஆய்வாளர் இவற்றைப் பாண்டியர்க்கு உரியனவாகக் கொள்வர். தனிக்காசாகக் கைமாறியிருப்பின் இவ்வுரிமையை நிறுவுவது கடினம். ஒரே புதையலாகப் பாண்டிய நாட்டில் கிடைத்தமையே அக்கருத்துக்கு வலுவூட்டுகிறது.

அடுத்து வருவன உரோமானியத் தெனாரியசுகள். கொங்கு நாட்டுப் புதையல்களில் அகஸ்டஸ், திபேரியஸ் ஆகியோர் காசுகளே மிகுதி. கி.பி. 64 அளவில் நீரோ தெனாரியசின் எடையையும் தூய்மையையும் குறைத்தான். அதற்கு முந்தைய நல்ல வெள்ளியையே தமிழக வணிகர் விரும்பி ஏற்றனர் எனப் பல அறிஞர் கருதுவர். ஒரு புதையலில் எந்தப் பேரரசர் காசு எத்தனை என்ற கணக்கு பேணப்பட்டதனாலேயே இத்தகைய ஆய்வு இயல்வதாயிற்று.

மாக்கோதைக் காசும் வஞ்சிச் சிக்கலும்

கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த வெள்ளிக் காசுகளுள் தலையாயவை ‘மாக்கோதை’, ‘குட்டுவன் கோதை’ என்னும் பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டவை. இவை அகழாய்வுக் குழியிலிருந்து வந்தவை அல்ல. ஆற்றுமணலில் கிடைத்துச் சேகரிப்பாளர் கைக்கு வந்தவை. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி இவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். 1997இல் வெளிவந்த சங்ககாலத் தமிழ்க் காசுகள் பற்றிய அவரது ஆங்கில நூல் இத்துறையில் குறிப்பிடத்தக்கது.

இக்காசுகளின் முன்பக்கத்தில் மன்னனின் தலையுருவம் பக்கவாட்டில் அமைந்துள்ளது. அதனை ஒட்டிப் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. இவ்வமைப்பு உரோமானியக் காசின் தாக்கத்தைக் காட்டுகிறது. தெனாரியஸ் ஒன்றையும் மாக்கோதைக் காசு ஒன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு இவ்வுறவு எளிதில் புலனாகும். அயல்நாட்டு வடிவத்தை ஏற்றுத் தன் பெயரைத் தன் மொழியில் பொறித்த அரசின் தன்னுணர்வும் அதில் வெளிப்படுகிறது.

இலக்கியத்தோடு இதன் தொடர்பு ஆழமானது. புறநானூற்று 245ஆம் பாடலைப் பாடியவர் சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை. 54ஆம் பாடலின் பாட்டுடைத் தலைவன் சேரமான் குட்டுவன் கோதை. பெயர் ஒன்றாயிருப்பதனாலேயே ஆளும் ஒருவரே எனத் துணிதல் ஆகாது. சேரரிடையே ஒரே பெயரைப் பலர் தாங்கியிருக்கலாம். எனினும் பாடல்களிலும் பாடற்குறிப்புகளிலும் மட்டுமே அறியப்பட்ட பெயர்வடிவங்கள் அக்கால ஆட்சியாளரால் உண்மையில் வழங்கப்பட்டவை என்பதை இக்காசுகள் உறுதிப்படுத்துகின்றன.

சேரர் தலைநகரான வஞ்சி கரூரா, கேரளத்துத் திருவஞ்சைக்களமா என்பது நெடுநாள் விவாதம். புகளூர்க் கல்வெட்டில் இரும்பொறை மரபினரின் மூன்று தலைமுறை குறிக்கப்படுவது கரூர்க் கொள்கைக்குத் துணை நிற்கிறது. அமராவதிக் காசுகள் அதனை மேலும் வலுப்படுத்துகின்றன. இங்கு வாதத்தைத் தாங்குவது காசில் பொறித்த பெயர் மட்டுமன்று. அது கிடைத்த இடமும் ஆகும். ‘கரூர்’ என்ற குறிப்பு இழக்கப்பட்டிருப்பின் இக்காசு சேரர் காசாக நிலைத்திருக்கும்; வஞ்சிச் சிக்கலில் அதற்குப் பேச்சு இருந்திராது.

கடலூர்க் கடற்கரையும் ஆற்காட்டு ரூபாயும்

அண்மைக் காலக் காசுகளுக்கும் இது பொருந்தும். கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தை ஆங்கிலேயக் கம்பெனி 1690இல் பெற்றது. அங்கிருந்த புனித டேவிட் கோட்டையே 1746 முதல் 1752 வரை சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடமாக இருந்தது. துணிக் கொள்முதலுக்காக ஐரோப்பியர் வெள்ளியைக் கப்பலில் கொண்டுவந்தனர். அவ்வெள்ளியில் ஒரு பகுதி உள்நாட்டு அக்கசாலைகளில் ரூபாயாக வடிவம் பெற்றது.

புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர் 1736இல் நவாபிடமிருந்து ரூபாய் அச்சிடும் உரிமை பெற்றனர். ஆற்காட்டுப் பெயரில் வெளிவந்த காசுகளில் பிறைக்குறி புதுச்சேரியையும், தாமரைக்குறி சென்னையையும் சுட்டும். இரண்டாம் ஆலம்கீர் 1759இல் மறைந்த பின்னும் அவர் பெயரோடு, ஹிஜ்ரி 1172 என்ற அதே ஆண்டை இட்டுக் கம்பெனி பல பத்தாண்டுகள் ரூபாய் அச்சிட்டது. எனவே இக்காசில் உள்ள ஆண்டு அச்சிட்ட ஆண்டன்று. மக்கள் நம்பிய காசின் தோற்றத்தைக் காத்து வணிகம் நடத்திய உத்தியே அதில் பதிவாகியுள்ளது. வராகனும் பணமும் வழங்கிய சென்னை மாகாணத்தில் 1818இல் வெள்ளி ரூபாய் தலைமை நாணயமாயிற்று. 100 வராகனுக்கு 350 ரூபாய் என விகிதம் வகுக்கப்பட்டது.

அழிவின் வழிகள்

1835ஆம் ஆண்டுச் சட்டப்படி கம்பெனி ரூபாயின் எடை 180 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940இல் வெள்ளி சரிபாதியாகக் குறைக்கப்பட்டது. ஆகவே முந்தைய ரூபாய் ஒன்றில் 10.69 கிராம் அளவிற்குத் தூய வெள்ளி உண்டு. வெள்ளி விலை ஏறும்போது இக்காசுகள் உருக்குக்குகைக்குச் செல்வதற்கு இதுவே காரணம்.

மற்றோர் அழிவு நன்னோக்கத்தால் விளைவது. வெள்ளிப் பாத்திரம்போல் திருநீறோ புளியோ இட்டுக் காசைத் துலக்கும்போது காலத்தால் படிந்த மேற்படலம் நீங்குவதோடு நுண்ணிய எழுத்துகளும் தேய்கின்றன. காசுமாலைக்காக வளையம் பற்றவைப்பதும் இத்தகையதே. மூன்றாவது, ஒரு புதையல் பங்கிடப்பட்டுச் சிதறுவது. இதில் காசுகள் எஞ்சும்; அவற்றின் சான்று அழியும்.

1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்கக் கட்டளையிடுகிறது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் நூறாண்டு கடந்த காசுகளைத் தனியார் ஏற்றுமதி செய்வதைத் தடுக்கிறது. வீட்டுப் பெட்டியிலும் கடைத் தட்டிலும் உள்ள காசின் வரலாற்றுக் குறிப்பைக் காப்பது சேகரிப்பாளரின் பொறுப்பாகவே அமைகிறது.

முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. சேரர் வெள்ளிக் காசுகள் காட்டுவதுபோல், சேகரிப்பு அகழாய்வுக்குத் துணையாகி இலக்கிய வரலாற்றுக்கும் சான்று வழங்க வல்லது.

2. காசின் சான்றுமதிப்பு அதன் எழுத்தோடு கிடைப்பிடத்தையும் உடன்கிடைத்த பொருள்களையும் சார்ந்தது.

3. எடை, விட்டம், இருபக்க ஒளிப்படம், கிடைத்த ஊர், பெற்ற நாள், யாரிடமிருந்து பெற்றது ஆகிய ஆறு குறிப்புகளையும் ஒவ்வொரு காசுக்கும் எழுதிவைப்பவரே முழுமையான சேகரிப்பாளர். காசை அவர் விற்கும்போதும் அக்குறிப்பு உடன்செல்ல வேண்டும்.

4. பல்கலைக்கழகத் தமிழ், வரலாற்றுத் துறைகள் தத்தம் வட்டாரச் சேகரிப்புகளை உரியவரின் இசைவோடு ஆவணப்படுத்தலாம். காசு உரியவரிடமே இருக்கலாம். அது தாங்கிய செய்தி அனைவருக்கும் கிடைக்கும்.